குற்றக் கதை எழுதுகிறீர்களா? போலீஸ், கோர்ட் நடைமுறையைச் சரியாக அமைப்பது எப்படி

"இன்ஸ்பெக்டர் இரண்டு அறை விட்டார். அவன் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட்டான். மறுமாதம் நீதிபதி சுத்தியலைத் தட்டி ஆயுள் தண்டனை கொடுத்தார்."

இப்படி முடிகிற கதைகளை நிறையப் படித்துவிட்டேன். போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றத்தை நிரூபிக்கப் பயன்படுத்த முடியாது. கொலை வழக்கு ஒரு மாதத்தில் முடியாது. நம் நீதிபதிகள் மேஜையில் சுத்தியலும் கிடையாது. ஆனால் எனக்கு வருத்தம் தருவது பிழைகள் மட்டும் அல்ல. சட்டம் கேட்கும் ஒவ்வொரு தாளுக்கும் ஒரு நேரம் உண்டு, ஒரு சாட்சி உண்டு, அதில் தவறு நடக்க ஒரு வாய்ப்பும் உண்டு. கதைக்குத் தேவையான முடிச்சுகள் அங்கேதான் கிடக்கின்றன, நாம் எடுக்காமல் போகிறோம்.

ஒரு கதையை எடுத்துக்கொண்டு படிப்படியாகப் போவோம். தமிழ்நாட்டுக் கிராமம். காலையில் கண்மாய்த் தண்ணீரில் ஒரு வட்டிக்காரரின் உடல் கிடக்கிறது, பின்தலையில் காயம். படித்துறையில் வழுக்கி விழுந்தாரா, யாராவது அடித்தார்களா, தெரியவில்லை. அவரிடம் கடன் வாங்கிய ஓர் இளைஞன் ஊரில் இருக்கிறான்.

படி 1: சம்பவத் தேதியை முடிவு செய்யுங்கள்

2024 ஜூலை 1 முதல் இந்தியாவில் குற்றவியல் சட்டங்கள் மாறிவிட்டன. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதில் பாரதிய நியாய சம்ஹிதை, குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சம்ஹிதை, சாட்சியச் சட்டத்துக்குப் பதில் பாரதிய சாக்ஷிய அதிநியமம். சுருக்கமாக பி.என்.எஸ்., பி.என்.எஸ்.எஸ்., பி.எஸ்.ஏ. கொலைக்கு 302 என்றிருந்தது 103 ஆகிவிட்டது. கொலை முயற்சி 307 இப்போது 109. மோசடிக்கான 420 இப்போது 318.

குற்றம் நடந்த தேதிதான் தண்டனைப் பிரிவைத் தீர்மானிக்கும். 2024 ஜூன் 30 இரவு நடந்த கொலைக்கு, உடல் ஜூலையில் கிடைத்தாலும் 302தான். கதை 2010-ல் நடந்தால் பழைய எண்களே வர வேண்டும். ஒரு சின்ன விஷயம்: தாளில்தான் எண் மாறியது, வாயில் மாறவில்லை. முப்பது வருட சர்வீஸ் உள்ள ஏட்டையா இன்னும் "த்ரீ நாட் டூ கேஸ்" என்றுதான் பேசுவார். அவர் வசனத்தில் பழைய எண்ணும், ஸ்டேஷன் ரைட்டர் எழுதும் எஃப்.ஐ.ஆரில் புதிய எண்ணும் வரட்டும்.

படி 2: யார் விசாரிக்கிறார்?

கான்ஸ்டபிள், ஏட்டு, எஸ்.எஸ்.ஐ., எஸ்.ஐ., இன்ஸ்பெக்டர், டி.எஸ்.பி., ஏ.டி.எஸ்.பி., எஸ்.பி. என்று மாவட்டத்தில் ஏறுவரிசை. சென்னை, மதுரை போன்ற கமிஷனரேட் நகரங்களில் இன்ஸ்பெக்டருக்கு மேலே ஏ.சி. (உதவி கமிஷனர்), டி.சி. (துணை கமிஷனர்) என்று போகும். மதுரை நகருக்குள் நடக்கும் கதையில் "எஸ்.பி. உத்தரவிட்டார்" என்று எழுதினால் விஷயம் தெரிந்தவர் அங்கேயே நின்றுவிடுவார்.

கொலை வழக்கை வழக்கமாக இன்ஸ்பெக்டர் விசாரிப்பார். இறந்தவர் பட்டியல் சாதியைச் சேர்ந்தவராகவும், குற்றம் சாட்டப்பட்டவர் அப்படி அல்லாதவராகவும் இருந்து வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் சேர்ந்தால், விசாரணை அதிகாரி டி.எஸ்.பி. நிலைக்குக் குறையாதவராக இருக்க வேண்டும். அதுவரை இன்ஸ்பெக்டர் பின்னால் போய்க்கொண்டிருந்த கதை, அந்த ஒரு விவரம் வெளிவந்ததும் கை மாறிவிடும். இதைக் கதையில் பயன்படுத்தியவர்கள் மிகக் குறைவு.

படி 3: முதல் தாளை எழுதிப் பாருங்கள்

நம் கதையில் வி.ஏ.ஓ. ஸ்டேஷனுக்கு வந்து புகார் கொடுக்கிறார் என்று வைப்போம். கொலையா விபத்தா தெரியாததால் பி.என்.எஸ்.எஸ். 194-ன் கீழ் சந்தேக மரணமாக வழக்குப் பதிவாகிறது. பழைய சட்டத்தில் இதுவே 174. டாக்டரின் கருத்து வந்த பிறகு, "தண்ணீரில் விழும் முன்பே உயிர் போய்விட்டது" என்று தெரிந்தால், பிரிவை 103 ஆக மாற்றி கோர்ட்டுக்கு ஓர் அறிக்கை போகும். ஸ்டேஷனில் இதை "ஆல்டர் பண்ணியாச்சு" என்பார்கள். ஊருக்குள் நிம்மதியாக நடமாடிக்கொண்டிருந்த இளைஞனுக்கு அந்த இரண்டு வார்த்தை எப்படிக் கேட்கும் என்று யோசியுங்கள்.

இந்தத் தாள்களோடு ஒரு கடிகாரமும் ஓடுகிறது. கொலை வழக்கின் எஃப்.ஐ.ஆர். தாமதமில்லாமல் மாஜிஸ்திரேட்டுக்குப் போக வேண்டும். நள்ளிரவானாலும் ஒரு கான்ஸ்டபிள் பைக்கை எடுத்துக்கொண்டு மாஜிஸ்திரேட் வீட்டுக்குப் போவார். தாளை வாங்கியவர் நேரம் குறித்துக் கையெழுத்திடுவார். பல வருடம் கழித்து, குறுக்கு விசாரணையில் அந்த நேரம் இப்படித் திரும்பி வரும்:

"புகார் காலை எட்டு மணிக்கு வந்தது என்கிறீர்கள்?"

"ஆமாம்."

"கோர்ட் பன்னிரண்டு கிலோமீட்டர். எஃப்.ஐ.ஆர். மாலை ஆறு மணிக்குத்தான் வந்திருக்கிறது. அந்தப் பத்து மணி நேரமும் ஸ்டேஷனில் உட்கார்ந்து யார் பெயரைச் சேர்க்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தீர்கள் என்று சொல்கிறேன்."

"சரியல்ல."

கான்ஸ்டபிளின் பைக் உண்மையிலேயே பஞ்சராகி இருக்கலாம். அதை இப்போது யார் நம்புவார்கள்?

காணாமல் போனவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. "24 மணி நேரம் கழித்து வாருங்கள்" என்று சட்டம் எங்கும் சொல்லவில்லை. உங்கள் கதையில் ஒரு எஸ்.ஐ. அப்படிச் சொன்னால் அது அவருடைய அலட்சியம். அப்படித் தெரியும்படியே எழுதுங்கள்.

படி 4: உடல்

விசாரணை அதிகாரி பஞ்சாயத்தார் (சாட்சிகளாக அழைக்கப்படும் உள்ளூர்க்காரர்கள்) முன்னிலையில் பிரேத விசாரணை நடத்தி அறிக்கை எழுதுவார். சம்பவ இடத்துக்குப் பார்வை மகஜரும் (சாட்சிகள் முன்னிலையில் பார்த்ததை எழுதும் குறிப்பு) மாதிரி வரைபடமும் தயாராகும். பிறகு உடல் ஒரு கான்ஸ்டபிளின் பொறுப்பில் அரசு மருத்துவமனைக்குப் போகும். ஏழு ஆண்டு அல்லது அதற்கு மேல் தண்டனை உள்ள குற்றங்களில் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கு வர வேண்டும் என்று புதிய சட்டம் சொல்கிறது. இறந்தவர் திருமணமாகி ஏழு ஆண்டுக்குள் உள்ள பெண்ணாக இருந்தால் ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) விசாரணையும் சேரும்.

டாக்டர் "இரவு 11.20-க்கு இறந்திருக்கிறார்" என்று சொல்லவே மாட்டார். இத்தனை மணியிலிருந்து இத்தனை மணிக்குள் என்று ஓர் இடைவெளிதான் தருவார். தண்ணீரில் கிடந்த உடலில் அந்த இடைவெளி இன்னும் அகலும். உங்கள் ஆள் அந்த நேரத்தில் வேறெங்கோ இருந்தான் என்ற கதையை இந்த இடைவெளிக்குள்தான் கட்ட வேண்டும்.

படி 5: சாட்சிகளைக் கையெழுத்துப் போட வைக்காதீர்கள்

புதிதாக எழுதுபவர்கள் எல்லாரும் தவறும் இடம் இதுதான். விசாரணையின்போது சாட்சி சொல்வதைப் போலீஸ் எழுதிக்கொள்ளலாம். அதில் சாட்சியின் கையெழுத்தை வாங்கக் கூடாது. அதைக் கோர்ட்டில் சாட்சியமாகவும் வைக்க முடியாது. சாட்சி கூண்டில் மாற்றிப் பேசினால் அந்த முரண்பாட்டைக் காட்டத்தான் அது பயன்படும்.

பெண்களையும், 15 வயதுக்குட்பட்டவர்களையும், 60 வயதைத் தாண்டியவர்களையும் சாட்சி சொல்ல ஸ்டேஷனுக்கு வா என்று கட்டாயப்படுத்த முடியாது. போலீஸ்தான் அவர்கள் இருக்கும் இடத்துக்குப் போக வேண்டும். வட்டிக்காரரின் வயதான அம்மாவை ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார வைப்பதைவிட, இன்ஸ்பெக்டரை அந்த வீட்டுத் திண்ணைக்கு அனுப்புங்கள். அங்கே அடகு நகைப் பெட்டி கண்ணில் படும், கணக்கு நோட்டு கண்ணில் படும். காட்சியும் நன்றாக அமையும்.

படி 6: கைதும் வாக்குமூலமும்

நம் ஊர் போலீஸ் கைது செய்யும்போது "நீ பேசாமல் இருக்க உனக்கு உரிமை உண்டு" என்று ஒப்பிப்பதில்லை. அது அமெரிக்க வழக்கம். தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லும்படி யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்ற பாதுகாப்பு நம் அரசியல் சட்டத்தின் 20-வது பிரிவில் இருக்கிறது. கைது நேரத்தில் இங்கே செய்ய வேண்டியவை வேறு: காரணத்தைச் சொல்வது, கைதுக் குறிப்பில் ஒரு சாட்சியின் கையெழுத்து, உறவினருக்குத் தகவல், மருத்துவப் பரிசோதனை. பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தியாக வேண்டும். சூரியன் மறைந்த பின் ஒரு பெண்ணைக் கைது செய்வதானால் விதிவிலக்கான காரணம் வேண்டும், பெண் போலீஸும் மாஜிஸ்திரேட்டின் முன் அனுமதியும் வேண்டும்.

அப்புறம் வாக்குமூலம். நம் இளைஞன் சொல்கிறான்: "கடனைத் திருப்பிக் கேட்டு அசிங்கமாகப் பேசினார். இரும்புக் கம்பியால் தலையில் அடித்தேன். கம்பியை ஓடைப் பாலத்துக்கு அடியில் மறைத்து வைத்திருக்கிறேன், வந்தால் எடுத்துக் கொடுக்கிறேன்." இதில் கோர்ட் ஏற்பது கடைசி வாக்கியத்தை மட்டும். அதுவும், அவன் காட்டிய இடத்தில் கம்பி உண்மையிலேயே கிடைத்தால். அடித்தேன் என்ற பகுதி உள்ளே வராது. பழைய சாட்சியச் சட்டத்தில் இது 25, 27-வது பிரிவுகள். இப்போது இரண்டும் பி.எஸ்.ஏ. 23-க்குள் வந்துவிட்டன.

ஆக, காட்சியின் மையம் அறையில் இல்லை, பாலத்தடியில் இருக்கிறது. வி.ஏ.ஓ.வும் தலையாரியும் சாட்சிகளாக நிற்கிறார்கள். இவர்கள் கையெழுத்துப் போடுவது பறிமுதல் மகஜரில், படி 5-ல் சொன்ன சாட்சி வாக்குமூலத்தில் அல்ல. ஒருவர் செல்போனில் படம் எடுக்கிறார், பறிமுதலை வீடியோவில் பதிவது இப்போது கட்டாயம். இளைஞன் குனிந்து கம்பியை எடுக்கிறான். கம்பியில் மண், அவன் கையில் நடுக்கம். அது அவனே வைத்த கம்பியா, அல்லது முதல் நாள் இரவே யாராவது அங்கே வைத்ததா என்ற கேள்விதான் பின்னால் கோர்ட்டில் எழும்.

அடித்து உண்மை வாங்கும் காட்சியைப் பெருமையாக எழுதாதீர்கள் என்று இந்த இடத்தில் மனதார வேண்டிக்கொள்கிறேன். அடி வாங்குபவன் எதை வேண்டுமானாலும் சொல்வான். கதைக்கு அந்தக் காட்சி தேவை என்றால் அதன் விலையையும் எழுதுங்கள்: உடலிலுள்ள காயத்தைப் பார்க்கும் டாக்டர், "போலீஸ் அடித்தார்களா?" என்று கேட்கும் மாஜிஸ்திரேட், பதில் சொல்லப் பயந்து வாசலைப் பார்க்கும் பையன். காவலில் மரணம் நேர்ந்தால் மாஜிஸ்திரேட் விசாரணை வரும்.

செல்லுபடியாகும் ஒப்புதல் வாக்குமூலம் வேண்டுமா? பி.என்.எஸ்.எஸ். 183-ன்படி அதை மாஜிஸ்திரேட் பதிவு செய்ய வேண்டும். "நீ சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை, சொன்னால் உனக்கு எதிராகப் பயன்படலாம்" என்று எச்சரித்த பிறகுதான் கேட்பார். மனம் மாறி "சொல்ல விருப்பமில்லை" என்று அவன் சொல்லிவிட்டால், அதன் பிறகு அவனைப் போலீஸ் காவலுக்கு அனுப்பக் கூடாது.

படி 7: ரிமாண்டும் 90 நாளும்

ரிமாண்ட் என்றால் நீதிமன்றக் காவல், அதாவது ஜெயில். கஸ்டடி எடுப்பது என்றால் மனு போட்டுப் போலீஸ் விசாரணைக்கு வாங்குவது. இரண்டையும் குழப்ப வேண்டாம். போலீஸ் காவல் மொத்தம் 15 நாளுக்கு மேல் கிடையாது. கொலை வழக்கில் 90 நாளுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கலாகாவிட்டால், கேட்டால் ஜாமீன் கிடைக்கும், வழக்கு எவ்வளவு பலமாக இருந்தாலும் சரி. 89-வது நாள், ஆய்வகத்திலிருந்து ரத்த அறிக்கை இன்னும் வரவில்லை, இன்ஸ்பெக்டர் என்ன செய்வார்? துப்பாக்கி இல்லாமலே ஓர் அத்தியாயம் தயார்.

படி 8: கோர்ட்

கொலை வழக்கை மாஜிஸ்திரேட் நடத்த முடியாது. அவர் அமர்வு நீதிமன்றத்துக்கு (செஷன்ஸ் கோர்ட்) அனுப்பி வைப்பார். ஜூரி கிடையாது. அரசுத் தரப்புக்கு அரசு வழக்கறிஞர் ஆஜராவார். முதல் விசாரணை, குறுக்கு விசாரணை, தேவைப்பட்டால் மறு விசாரணை. போலீஸிடம் சொன்னதைக் கூண்டில் மறுப்பவர் பிறழ் சாட்சி. நம் கதையில் பாலத்தடிக்கு வந்த தலையாரி, "எனக்கு எதுவும் தெரியாது, வி.ஏ.ஓ. ஆபீஸில் கையெழுத்துப் போடச் சொன்னார்கள், போட்டேன்" என்று சொன்னால்? அவர் பொய் சொல்கிறாரா, உண்மை சொல்கிறாரா, இல்லை அவர் மகள் கல்யாணத்துக்கு யாராவது பணம் கொடுத்தார்களா? இதில் எது என்பது எழுதுகிற உங்களுக்கு மட்டும் முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

படி 9: சரிபார்ப்பது

தமிழ்நாட்டு மாவட்ட நீதிமன்றங்களின் தீர்ப்புகள் பல தமிழிலேயே எழுதப்படுகின்றன, இ-கோர்ட்ஸ் தளத்தில் தேடலாம். ஒரு கொலை வழக்குத் தீர்ப்பை முழுதாகப் படித்தால் மகஜர், சான்று பொருள், அரசுத் தரப்பு சாட்சி 1 போன்ற சொற்கள் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். சில எஃப்.ஐ.ஆர்.களையும் இணையத்தில் பார்க்கலாம். அதைவிட நல்லது, ஒரு நாள் அமர்வு நீதிமன்றத்தில் போய் உட்காருவது. பொதுவாக விசாரணையை யாரும் பார்க்கலாம். செல்போனை அணைத்துவிட்டுப் பின்வரிசையில் உட்காருங்கள்.

கிளம்பும் முன் உங்கள் பிரதியில் கைதுக் காட்சியை எடுத்து, ஓரத்தில் மூன்று நேரங்களைப் பென்சிலால் குறியுங்கள்: கைதான நேரம், வீட்டுக்குத் தகவல் போன நேரம், மாஜிஸ்திரேட் முன் நின்ற நேரம். மூன்றில் ஏதாவது ஒன்றை எழுத முடியாமல் கை நின்றால், அந்தக் காட்சியிலிருந்து மறுபடி எழுதத் தொடங்குங்கள்.