காலை எட்டு மணிக்கு முன் தவறும் தேதி

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊரில் இணையப் பக்கம் கட்டிப் பழக நல்ல வேலை ஒன்று உண்டு: பெரட்டுக்கு (வேலை தொடங்குமுன் ஆள் கணக்கெடுக்கும் கூட்டத்துக்கு) வந்தவர்களையும் அவர்கள் வெட்டிய செம்பனைக் குலைகளையும் பதிந்து கூலி கணக்கிடும் பக்கம். பக்கத்தின் சட்டகத்தை எழுதும் எச்டிஎம்எல்லோடு, அதை இயக்கும் ஜாவாஸ்கிரிப்டும் தோற்றத்தை அமைக்கும் சிஎஸ்எஸும் அதற்குப் போதும். ஆனால் எங்கிருந்தோ எடுத்து ஒட்டிய மாதிரி நிரல் சில இடங்களில் காலை வாரிவிடும்.

முதலில் தேதி. இன்றைய தேதிக்காகப் பலர் 'டூஐஎஸ்ஓஸ்டிரிங்' கட்டளையை அழைத்து, முதல் பத்து எழுத்துகளை வெட்டி எடுத்துக்கொள்கிறார்கள். அது தருவது உலகப் பொது நேரம். மலேசிய நேரம் அதைவிட 8 மணி முன்னே ஓடுகிறது. ஆகவே காலை 8 மணிக்கு முன் பதியும் எல்லாவற்றுக்கும் முந்தைய நாள் தேதிதான் விழும். மதியத்தில் சோதிப்பவர் கண்ணில் இது படவே படாது. பெரட்டோ விடியற்காலையில். 2025 மார்ச் 1 காலை 6 மணிக்கு வந்தவரின் வருகை பிப்ரவரி 28 என்று பதிவாகும். ஒரு நாள் கூலி போன மாதக் கணக்கில் போய் உட்காரும். 'கெட்ஃபுல்இயர்', 'கெட்மந்த்', 'கெட்டேட்' மூன்றும் கைப்பேசியின் உள்ளூர் நேரப்படி விடை தருபவை. அவற்றைக் கொண்டே தேதியை அமைக்க வேண்டும். 'கெட்மந்த்' ஜனவரியை 0 என்று எண்ணும் என்பதால் ஒன்றைக் கூட்ட மறக்காதீர்கள்.

அடுத்தது பணம். பெட்டியில் தட்டும் எண், நிரலுக்கு எழுத்தாகவே வந்து சேர்கிறது. 40 குலையோடு 5 குலையைக் கூட்டினால் 405! இது பளிச்சென்று தெரிந்துவிடும், பயமில்லை. சத்தமில்லாமல் ஏமாற்றுவது தசமப் புள்ளி. 19.99 ரிங்கிட்டைச் சென்னாக மாற்ற 100ஆல் பெருக்கினால் 1998.9999999999998 வருகிறது, பின்னத்தை வெட்டினால் ஒரு சென் காணாமல் போகும். 'மேத்.ரவுண்ட்' போட்டு முழு எண்ணாக்கி, கணக்கு முழுவதையும் சென்னிலேயே நடத்துங்கள். திரையில் காட்டும்போது மட்டும் ரிங்கிட்டாக்கினால் போதும். ஒரு சென்தானே என்பவர், சம்பள நாளில் கிராணியின் (தோட்டக் கணக்கரின்) மேசை முன் நின்றிருக்க மாட்டார்.

பெயர்ப் பெட்டியில் ஆங்கில எழுத்தையும் இடைவெளியையும் மட்டும் அனுமதிப்பது இன்னொரு கெட்ட பழக்கம். நம்மவர் பெயர்களில் ஏ/எல் (இன்னாரின் மகன்), ஏ/பி (இன்னாரின் மகள்) என்று சாய்கோடு வரும். தன் பெயரையே பிழை என்று சிவப்பில் காட்டும் பக்கத்தை யார் மதிப்பார்? நீளத்தை அளந்து பெயரை வெட்டுவதும் வேண்டாம்: 'தமிழ்' என்ற சொல்லின் நீளம் ஜாவாஸ்கிரிப்டுக்கு 5. தவறான இடத்தில் வெட்டினால் புள்ளி போய் 'தமிழ' என்று நிற்கும்.

சிஎஸ்எஸ்ஸில் பொத்தானின் உயரத்தைப் பிக்சலில் கட்டிப்போட்டு, மிஞ்சுவதை மறைத்துவிட்டால் 'கூலி' என்ற சொல்லின் மேல் வளைவும் கீழ்ச் சுழியும் அறுபடும். உயரத்தை விட்டுவிட்டு உள் இடைவெளி கொடுங்கள். வெள்ளைமேல் வெளிர்சாம்பல் எழுத்து வெயிலில் தெரியாது.

கடைசியாக, விண்டோஸ் கணினியில் சரியாகத் தெரிந்த படம் பக்கத்தை இணையத்தில் ஏற்றியபின் காணவில்லையென்றால், கோப்புப் பெயரில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து மாறியிருக்கிறதா என்று பாருங்கள். பக்கத்தை வைத்து அனுப்பும் லினக்ஸ் வழங்கிக் கணினி இரண்டையும் வேறு வேறாகவே எடுத்துக்கொள்ளும்.