காஸ்ப்ளே படங்களில் கருப்புப் பட்டைகள்: நான் சரிசெய்த விதம்

ரசிகர் விழாவில் மேடைக்குப் பின்னால் காஸ்ப்ளே கலைஞர்களை, அதாவது கதாபாத்திரங்களைப் போல வேடமிடுபவர்களைப் படமெடுத்தபோது, படங்களின் குறுக்கே கருப்புப் பட்டைகள் விழுந்துகொண்டே இருந்தன. லென்ஸை மாற்றியும் பயனில்லை. காரணம், கூரையில் இருந்த எல்.இ.டி. குழல்விளக்குகள். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் இப்படிப்பட்ட விளக்குகள் பல வினாடிக்கு 100 முறை மங்கி ஒளிரும், கண்ணுக்குத் தெரியாது. நான் பயன்படுத்திய சைலண்ட் ஷட்டரோ (சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டர்) படத்தை வரிவரியாகப் பதிவு செய்கிறது. அதனால் ஒவ்வொரு வரிக்கும் வெவ்வேறு அளவு வெளிச்சம்.

மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறி, விளக்கு ஒருமுறை மங்கி ஒளிரும் நேரம் முழுதும் அடங்கும்படி, வேகத்தை 1/500 வினாடியிலிருந்து 1/100-க்கு இறக்கினேன். பட்டைகள் போயே போய்விட்டன. 60 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள இடமென்றால் 1/60 அல்லது 1/125. வாள் வீசும்போது கை கொஞ்சம் கலங்கும்தான். ஆனால் அங்கே எனக்குப் பிடித்தது, முறைக்காகக் காத்திருக்கும் முகங்கள். அவற்றுக்கு இந்த வேகம் போதும்.

அப்புறம் நிறம். மேக்கப் கண்ணாடி பல்புகள் மஞ்சள், கூரை விளக்கில் பச்சைச் சாயல். இரண்டும் ஒரே முகத்தில் விழுந்தால் கேமராவின் நிறத்தைச் சரிசெய்யும் வைட் பேலன்ஸால் சமாளிக்க முடியாது. ஆளைக் கண்ணாடிப் பக்கம் நகர்ந்து நிற்கச் சொல்லி, நிறத்தைச் சரிபார்க்க உதவும் சாம்பல் அட்டையான கிரே கார்டை அவர் கையிலேயே கொடுத்து ஒரு படம் எடுத்துக்கொண்டேன். ஃபிளாஷ் தொடவில்லை; ஃபோம் கவசத்தின் பெயிண்டும் விக்கும் அசிங்கமாகப் பளபளக்கும்.

பாதி மேக்கப்பில் இருப்பவரிடம் கேட்காமல் எடுக்கவே கூடாது. கேட்டால் பெரும்பாலும், "இருங்க, இறக்கையை மாட்டிட்டு வரேன்" என்பார்கள்.