செயற்கை செல் ஆய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்: ஜீனைச் சந்தேகிக்கும் முன்

செயற்கை செல் சோதனை சொதப்பினால் பெரும்பாலானவர்கள் முதலில் கை வைப்பது ஜீனில்தான். பிளாஸ்மிட்டை (ஜீனைச் சுமக்கும் டி.என்.ஏ. வளையம்) மறுபடி தயாரிக்கிறார்கள், புரோமோட்டரை (ஜீனை இயக்கிவைக்கும் டி.என்.ஏ. பகுதி) மாற்றுகிறார்கள், புதிய கிட்டுக்கு ஆர்டர் போட்டுவிட்டுக் காத்திருக்கிறார்கள். கோளாறு பல நேரம் அங்கே இருப்பதில்லை. கரைசலின் செறிவு, அறையின் வெப்பம், செயற்கை செல்லின் உறைக்குள் போன மூலக்கூறுகளின் எண்ணிக்கை என்று இந்த மூன்றில் ஒன்றில்தான் இருக்கிறது. கிண்டி, தரமணி பக்கத்து ஆய்வகங்களில் ப்ராஜெக்ட்டுக்குச் சேரும் எம்.எஸ்சி., பி.டெக். மாணவர்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தை ஒதுக்கிவிடலாம். 2010-ல் கிரெய்க் வென்டர் குழு அறிவித்தது, வேதிமுறையில் கட்டிய ஜீனோமை ஏற்கெனவே உயிருள்ள ஒரு பாக்டீரியாவுக்குள் வைத்த வேலை. 2016-ல் அதை 473 ஜீன்களாகக் குறைத்தார்கள். நாம் இங்கே பேசுவது அதுவல்ல. லிப்பிட் (கொழுப்பு வகை மூலக்கூறு) உறை ஒன்றைச் செய்து, புரதம் தயாரிக்கும் கலவையை அதற்குள் நிரப்புகிற வேலை. ப்ராஜெக்ட் அறிக்கையில் இரண்டையும் ஒன்றாகக் கலந்து எழுதினால், வைவாவில் முதல் கேள்வியே அங்கிருந்துதான் வரும்.

இனி, அதிகம் பேரைக் கவிழ்க்கும் தவறு: உள்ளே இருக்கும் கரைசலும் வெளியே இருக்கும் கரைசலும் ஆஸ்மோலாரிட்டியில், அதாவது கரைந்திருக்கும் துகள்களின் மொத்தச் செறிவில், ஒத்துப்போகாதது. வழக்கமாக உள்ளே சுக்ரோஸ், வெளியே குளுக்கோஸ் வைப்போம். இரண்டும் ஆஸ்மோலாரிட்டியில் சமமாக இருந்தால் வெசிக்கிள்கள் (லிப்பிட் உறையால் ஆன இந்தக் குமிழ்கள்) சுக்ரோஸின் கனத்தால் அடியில் போய்ப் படியும், மைக்ரோஸ்கோப்பில் தெளிவாகத் தெரியும். வித்தியாசம் 100 மில்லிஆஸ்மோல் என்றால் உறையின் மேல் விழும் அழுத்தம் சுமார் 2.5 வளிமண்டல அழுத்தம். லிப்பிட் உறையோ பரப்பில் 3 முதல் 5 சதவீதம் விரிந்தாலே கிழிந்துவிடும். புரதம் தயாரிக்கும் கலவையில் உப்பு, அமினோ அமிலங்கள், நியூக்ளியோடைடுகள் எல்லாம் சேர்ந்திருப்பதால் காகிதத்தில் போடும் கணக்கு காலை வாரும். ஆஸ்மோமீட்டரில் அளந்தே ஆகவேண்டும். உங்கள் துறையில் அது இல்லையென்றால் பக்கத்துத் துறையில் கேளுங்கள்.

அளந்து சரி செய்த பிறகும் ஸ்லைடில் ஒரு ஆபத்து உண்டு. ஏ.சி. காற்று நேராக அடிக்கும் இடத்தில் திறந்த துளியை வைத்தால் தண்ணீர் ஆவியாகி வெளிக்கரைசல் செறிவாகும். உள்ளிருக்கும் நீர் வெளியேறி வெசிக்கிள் தொய்ந்துபோகும். தொய்ந்த உறையிலிருந்து குழல்களும் சிறு மொட்டுகளும் நீளும். பார்ப்பதற்கு அச்சு அசல் செல் பிரிவது போலவே இருக்கும். இந்தக் காட்சியைப் படம் பிடித்து “செல் பிரிந்தது” என்று எழுதிவிடாதீர்கள். ஸ்பேசர் வைத்து மூடி ஓரங்களை அடைத்து, ஜீன் இல்லாத வெசிக்கிள்களையும் அதே நேரம் அதே இடத்தில் வைத்துப் பாருங்கள். அவையும் மொட்டு விட்டால் காரணம் ஆவியாதல்தான். கண்ணாடியில் பி.எஸ்.ஏ. (ஒட்டுவதைத் தடுக்கும் புரதம்) பூசாமல் விடுவதும் இதோடு சேர்ந்த தவறு. உறை கண்ணாடியில் ஒட்டிப் பிய்ந்துபோகும்.

வெப்பத்துக்கு வருவோம். வெளிநாட்டு செய்முறைகளில் “அறை வெப்பநிலை” என்றால் பெரும்பாலும் 20, 22 டிகிரி. சென்னையில் ஏ.சி. இல்லாத அறையில் மே மாதம் அது 35-ஐத் தாண்டும். பி.ஓ.பி.சி. போன்ற லிப்பிட்டுக்குக் கவலையில்லை, அது மைனஸ் 2 டிகிரிக்கு மேலே எப்போதும் இளகியே இருக்கும். டி.எம்.பி.சி. அப்படியல்ல. அது இறுகிய நிலையிலிருந்து இளகும் புள்ளி சுமார் 24 டிகிரி, உறை அதிகம் கசிவதும் அந்தப் புள்ளியை ஒட்டித்தான். 2020 முதல் இந்தியாவில் நட்சத்திரக் குறியீட்டு ஏ.சி.களின் தொடக்க அளவும் அதே 24 டிகிரி! மின்சாரத்தைச் சேமிக்க நல்ல எண், டி.எம்.பி.சி. உறைக்கு மோசமான எண். டி.பி.பி.சி. எடுத்தால் 41 டிகிரிக்கு மேல் சூடாக்கித்தான் நீர் சேர்க்க வேண்டும். எந்த லிப்பிட் என்று முடிவு செய்த அன்றே அதன் நிலைமாற்ற வெப்பநிலையை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவையுங்கள்.

ஃப்ரீசரிலிருந்து எடுத்த லிப்பிட் குப்பியை உடனே திறப்பது நம் ஊர் ஈரக்காற்றில் பெரிய தவறு. மூடியோடு வைத்து அறை வெப்பத்துக்கு வரவிட்டுத் திறங்கள், இல்லையென்றால் உள்ளே பனி கோத்துக்கொள்ளும். குளோரோஃபார்மில் கரைத்ததை பிளாஸ்டிக் குழாயில் ஊற்றவே கூடாது. பிளாஸ்டிக்கிலிருந்து கரைந்து வருவதும் உங்கள் உறைக்குள் போய்ச் சேரும். கண்ணாடிக் குப்பி, கண்ணாடி சிரிஞ்சு, டெஃப்லான் மூடி. மீதியை ஆர்கான் அடித்து மூடுங்கள்.

எண்ணிக்கைப் பிழையைப் பலர் கவனிப்பதே இல்லை. ஒரு நானோமோலார் செறிவுள்ள டி.என்.ஏ. கரைசலை எடுத்துக்கொள்ளுங்கள். 10 மைக்ரான் விட்டமுள்ள வெசிக்கிளின் கொள்ளளவு சுமார் அரை பிக்கோலிட்டர், அதில் 300-க்கும் மேற்பட்ட பிரதிகள் இருக்கும். அதே கரைசலில் உருவான 1 மைக்ரான் வெசிக்கிளில் சராசரி 0.3 பிரதிதான். அதாவது நான்கில் ஏறக்குறைய மூன்றில் டி.என்.ஏ.வே இருக்காது. ஒளிரும் புரதத்துக்கான ஜீனைப் போட்டும் சின்ன வெசிக்கிள் ஒளிரவில்லை என்பதற்காக ஜீன் வேலை செய்யவில்லை என்று முடிவு கட்டினால், காலி டப்பாவைப் பார்த்துச் சமையலைக் குறை சொல்வது போலாகும். முடிவை அளவுவாரியாகப் பிரித்து எழுதுங்கள்.

ஒளிர்கிறது என்றாலும் எங்கே ஒளிர்கிறது என்று பார்க்க வேண்டும். உடைந்த வெசிக்கிள்களிலிருந்து சிந்திய கலவை வெளியிலேயே புரதம் தயாரித்துவிடும். தொடக்கத்திலேயே வெளிக்கரைசலில் ஆர்.என்.ஏஸ் (ஆர்.என்.ஏ.வைச் சிதைக்கும் நொதி) சேர்த்தால் அந்தப் பொய் ஒளி அடங்கும், உள்ளிருந்து வருவது மட்டும் மிஞ்சும். இந்த கண்ட்ரோல் இல்லாத படத்தை நான் நம்புவதில்லை. சில மணி நேரத்தில் உற்பத்தி நின்றுபோனால் ஜீனைத் திட்டவும் வேண்டாம். மூடிய உறைக்குள் எரிபொருள் தீர்ந்திருக்கும். 2004-ல் நுவாரோ, லிப்ஷாபர் என்ற ஆய்வாளர்கள் ஆல்ஃபா-ஹீமோலைசின் என்ற புரதம் உறையில் போடும் துளைகள் வழியே ஊட்டம் செலுத்தி, உற்பத்தியை 4 நாள் வரை நீட்டிக் காட்டினார்கள்.

மருத்துவ நோக்கம் என்றால் இன்னும் இரண்டு விஷயம். கலவை ஈ.கோலையிலிருந்து எடுத்தது என்பதால் எண்டோடாக்சின் (அந்த பாக்டீரியாவின் உறையிலுள்ள நச்சு) கூடவே வரும். அதை மனித நோயெதிர்ப்பு செல்கள் மேல் போட்டால் அவை கிளர்ந்தெழும், உங்கள் புரதம்தான் வேலை செய்தது என்று தோன்றும். ஜீன் மட்டும் இல்லாத அதே வெசிக்கிளை இணையாகப் போடாமல் எதையும் அறிவிக்காதீர்கள்.

மற்றது ரத்தம். 2021-ல் கருப்புப் பூஞ்சை பரவியபோது லிப்போசோமல் ஆம்போடெரிசின்-பி ஊசிக்காக மருந்துக்கடை மருந்துக்கடையாக அலைந்த குடும்பங்கள் பல. மருந்தைச் சுமக்கும் அந்த லிப்பிட் உறை ரத்தத்தில் தாக்குப்பிடிக்கும்படி வடிவமைக்கப்பட்டது. வெறும் பஃபரில் நாள்கணக்கில் நிற்கும் உறை சீரத்தில் (ரத்தம் உறைந்தபின் பிரியும் திரவம்) விரைவிலேயே கசியக்கூடும். லிப்போபுரதங்கள் லிப்பிட்டை உருவிக்கொண்டு போகும், கொலஸ்ட்ரால் சேர்த்தால் இது குறையும். தப்பியதையும் கல்லீரல், மண்ணீரலில் உள்ள மேக்ரோஃபேஜ்கள் (அந்நியத் துகள்களை விழுங்கும் நோயெதிர்ப்பு செல்கள்) விழுங்கும். எனவே எலிச் சோதனைக்கு அனுமதி கேட்டு எழுதும் முன், 37 டிகிரியில் சீரத்தோடு வைத்து, உள்ளே போட்ட சாயம் மணிக்கு எவ்வளவு வெளியேறுகிறது என்று அளந்த வரைபடத்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.