ரிப்போர்ட் நல்லா வந்தால் குளிசையை நிறுத்தலாமா?

"கொலஸ்ட்ரோல் குறைஞ்சிட்டு, இனிக் குளிசை வேணாம்." மட்டக்களப்பானாலும் கல்முனையானாலும் கிளினிக் வாங்கில் இருக்கும்போது இந்தப் பேச்சு காதில் விழும். கொலஸ்ட்ரோல் விடயத்தில் நம் ஆட்கள் விடுகிற தவறுகளில் ஆகப் பெரியது இதுதான் என்பேன். குளிசை போட்டதால்தானே அது குறைந்தது! நம் உடம்பிலுள்ள கொலஸ்ட்ரோலில் பெரும்பங்கை உடம்பேதான் செய்கிறது, அதில் ஈரலுக்கு முக்கிய பங்கு. அட்டோர்வாஸ்டட்டின் போன்ற குளிசைகள் அந்த உற்பத்தியைக் குறைக்கின்றன. இரத்தத்தில் ஓடும் எல்.டி.எல். என்ற கெட்ட கொழுப்பையும் ஈரல் கூடுதலாக உள்ளே இழுத்துக்கொள்ளும். நிறுத்தினால் சில வாரங்களில் பழைய அளவுக்கே ஏறிவிடும். இதயக் குழாய் அடைபடாமல் ஸ்டென்ட் என்ற வலைக்குழாய் வைத்தவர், ஒருமுறை மாரடைப்பு வந்தவர் தானாகக் கைவிடவே கூடாது. தசை நோகிறதா? கிளினிக் கொப்பியோடு போய் டொக்டரிடம் சொல்லுங்கள். அளவைக் குறைக்கலாம், வேறு குளிசைக்கு மாற்றலாம்.

சாப்பாட்டிலும் பயப்படவேண்டியதை விட்டுவிட்டு வேறொன்றுக்குப் பயப்படுகிறோம். வாவி இறாலைத் தொடாத வீட்டில் மூன்று நேரமும் கட்டிப்பால் கறி கொதிக்கும். இறாலில் கொலஸ்ட்ரோல் இருக்கிறதுதான், ஆனால் நிறைவுற்ற கொழுப்பு மிகக் குறைவு. தேங்காய்ப்பாலில் கொலஸ்ட்ரோல் இல்லை; நிறைவுற்ற கொழுப்போ ஏராளம். எல்.டி.எல்.லைக் கூடுதலாக ஏற்றுவது அந்தக் கொழுப்புத்தான். எண்ணெய்ப் போத்தலில் 'கொலஸ்ட்ரோல் அற்றது' என்று போட்டிருப்பதை நம்பி அள்ளி ஊற்றுவதும் இதே கதை. பாலாணத்தை விடச் சொல்லவில்லை. முதற்பாலைக் குறைத்து, தண்ணிப்பாலில் வையுங்கள். இறாலைப் பொரிக்காமல் கறியாக்குங்கள்.

"நான் மெலிவு, எனக்கு வராது" என்பதும் சரியில்லை. சுமார் 250 பேரில் ஒருவருக்குக் கூடிய கொலஸ்ட்ரோல் பிறப்பிலேயே, பரம்பரையாக வருகிறது. தகப்பனுக்கோ அண்ணனுக்கோ 55 வயதுக்குள், தாய்க்கோ அக்காவுக்கோ 65 வயதுக்குள் மாரடைப்பு வந்திருந்தால், இளம் வயதிலேயே இரத்தம் சோதித்துப் பாருங்கள். எல்.டி.எல். 190 mg/dL ஐத் தாண்டினால் பிள்ளைகளையும் சோதிக்க வேண்டும்.

கொலஸ்ட்ரோல் கூடினால் கழுத்து நோகும், தலை சுற்றும் என்று காத்திருப்பவர்களும் உண்டு. அப்படி எதுவும் காட்டாது. இதயத்துக்குப் போகும் குழாயின் சுவரில் வருடக்கணக்காகப் படியும். ஒருநாள் அந்தப் படிவு வெடித்து, அதன்மேல் இரத்தம் உறைந்து குழாயை அடைத்துவிடும். நெஞ்சு இறுகி, வியர்த்து, கைக்கோ தாடைக்கோ நோ பரவினால், வாய்வு என்று உள்ளி அவித்துக் குடித்துக்கொண்டிருக்காதீர்கள். உடனே 1990க்கு எடுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம்.