பாபின்ஸ்கி குறி: உள்ளங்காலில் கோடு இழுத்துப் பார்ப்பது எப்படி

1896 பிப்ரவரி 22 அன்று பாரிஸ் உயிரியல் சங்கத்தில் நரம்பியல் மருத்துவர் ஜோசப் பாபின்ஸ்கி வைத்த குறிப்பு வெறும் 28 வரிதான். ஒரு பக்கம் வாதம் வந்தவரின் நல்ல காலில் உள்ளங்காலைக் குத்தினால் விரல்கள் மடங்குகின்றன, வாதம் வந்த காலில் மேலே நிமிர்கின்றன. அவ்வளவுதான் செய்தி. இன்றும் வார்டில் நரம்பியல் பரிசோதனை என்றால் இது இல்லாமல் முடியாது. ஆனால் மாணவர்கள் அதிகம் தவறாகச் செய்வதும் இதைத்தான்.

அவர் எதற்காக இதைத் தேடினார் என்பது தெரிந்தால் செய்முறை தானாக மனதில் நிற்கும். 1848 கிளர்ச்சிக்குப் பின் தப்பி வந்த போலந்துக் குடும்பம், 1857இல் பாரிஸில் பிறப்பு. 1885இல் பல்கூட்டு நரம்பு இறுக்க நோய் (மல்டிபிள் ஸ்க்ளெரோசிஸ்) பற்றி ஆய்வேடு கொடுத்தார். பிறகு சல்பேத்ரியேர் மருத்துவமனையில், நரம்பு நோய்களுக்கான பேராசிரியர் ஷார்கோவிடம் 1887 வரை தலைமை உதவியாளராக இருந்தார். மூளையோ தண்டுவடமோ கெட்டதால் கால் விழுந்தவர்களும், நரம்பில் கோளாறு இல்லாமல் மனக் காரணத்தால், அதாவது ஹிஸ்டீரியாவால், விழுந்தவர்களும் அங்கே அடுத்தடுத்த படுக்கைகளில் கிடந்தார்கள். நோயாளி நினைத்தாலும் நடித்துக் காட்ட முடியாத ஓர் அடையாளம் வேண்டியிருந்தது. 1892இல் பேராசிரியர் பதவிக்கான போட்டித் தேர்வில் அவர் தேறவில்லை. ஷார்கோவின் பழைய மாணவரும் பின்னாள் போட்டியாளருமான புஷார் தேர்வுக் குழுவுக்குத் தலைமை வகித்ததே காரணம் என்று பலரும் எழுதியிருக்கிறார்கள். பல்கலைக்கழகப் பதவி கிடைக்காதவர் 1895 முதல் 1922 வரை பித்தியே மருத்துவமனை வார்டிலேயே கிடந்து நோயாளிகளின் காலைப் பார்த்தார். ஒரு வகையில் நமக்கு லாபம்.

இனி செய்முறை. நோயாளி மல்லாந்து படுக்கட்டும், முழங்கால் நீட்டியபடி, தொடை தளர்ந்து இருக்கட்டும். பாதம் சில்லென்று இருந்தால் முதலில் சூடாக்குங்கள். குளிர்ந்த பாதம் சரியாக பதில் சொல்லாது. “காலில் கோடு இழுக்கப் போகிறேன், கொஞ்சம் கூசும்” என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் தொட்டால் காலை இழுத்துக்கொள்வார், நாம் பார்க்க வந்தது அந்த இழுப்பில் மறைந்துபோகும்.

கருவி மழுங்கியதாக இருக்க வேண்டும்: சாவியின் முனை, உடைத்த மரக்குச்சி, அனிச்சையைச் சோதிக்கும் சுத்தியலின் கைப்பிடி நுனி. ஊசி வேண்டாம். பாபின்ஸ்கி முதலில் குத்தித்தான் பார்த்தார் என்றாலும், இப்போது அது தேவையில்லை, தோலும் கிழியும்.

ஒரு கையால் கணுக்காலை லேசாகப் பிடித்துக்கொண்டு, குதிகாலின் வெளிப்பக்கத்தில் தொடங்குங்கள். பாதத்தின் வெளி ஓரமாகவே முன்னே போய், சுண்டுவிரலுக்குப் பின்னால் உள்ள மேட்டை எட்டியதும் உள்பக்கமாக வளைந்து, பெருவிரல் மேட்டுக்குச் சற்று முன்பே நிறுத்துங்கள். முழுக் கோட்டுக்கும் 5, 6 வினாடி ஆக வேண்டும். பலரும் ஒரே வினாடியில் சரேலென்று இழுத்துவிடுகிறார்கள், கிடைப்பது வெறும் கூச்சம்தான். முதல் முறை மென்மையாக. பதில் வராவிட்டால் மட்டும் அழுத்தத்தைக் கூட்டுங்கள். பெருவிரலின் அடியைத் தொடாதீர்கள், சிலருக்கு அங்கே தொட்டாலே விரல்கள் பற்றிக்கொள்வதுபோல் மடங்கிவிடும். பாதத்தின் நடுக்குழியிலும் கோடு இழுக்காதீர்கள், அங்கே கூச்சம் அதிகம்.

கண் எங்கே இருக்க வேண்டும்? பெருவிரலின் அடிமூட்டில், அதுவும் அதன் முதல் அசைவில். அது மெதுவாக மேலே எழுந்தால், மேல்பாதத்தில் தசைநாண் ஒன்று துருத்திக்கொண்டு தெரியும். அதுதான் குறி. மற்ற விரல்கள் விசிறி போல் விரிவதையும் பாபின்ஸ்கி 1903இல் எழுதினார். ஆனால் விரிவது மட்டும் தனியாக வந்தால் அதை வைத்து எதுவும் முடிவு செய்யாதீர்கள், ஆரோக்கியமானவருக்கும் வரும்.

சந்தேகம் வந்தால் தொடையைப் பாருங்கள். பெருவிரலின் எழுச்சி, முழுக் காலையும் சுருக்கிக்கொள்ளும் தண்டுவட அனிச்சைச் செயலின் ஒரு பகுதி. அசைவுக் கட்டளைகளைக் கொண்டு மூளையிலிருந்து இறங்கும் பிரமிடு நரம்புப் பாதை அதை அடக்கி வைத்திருக்கும். பாதை அறுந்தால் அடக்கம் போய்விடும். அதனால் உண்மையான குறி வரும்போது தொடையின் பின்தசையும் வெளிப்பக்கத் தசையும் கூடவே இறுகும். கூச்சத்தில் இழுப்பவரோ பாதம் முழுவதையும் சட்டென்று விலக்குவார், விரல்கள் ஏறும் இறங்கும், இரண்டாம் முறை அதேபோல் வராது. கூச்சம் மிகுந்தவருக்கு உள்ளங்காலையே விட்டுவிட்டு, வெளிக் கணுக்கால் எலும்புக்குக் கீழே பாதத்தின் ஓரமாகக் கோடு இழுக்கலாம். இது சாடக்கின் முறை. அல்லது முழங்காலுக்குக் கீழே கணைக்கால் முன் எலும்பை விரல்முட்டியால் அழுத்திக்கொண்டே இறக்கலாம். இது ஒப்பன்ஹைம் முறை.

குறி வந்தாலே கட்டி, பக்கவாதம் என்று பதறக்கூடாது. குழந்தைக்கு நடை வரும் வரை, சுமார் 1 முதல் 2 வயது வரை, விரல் நிமிர்வது இயல்பே. வலிப்பு வந்து ஓய்ந்த உடனேயும், சர்க்கரை மிகவும் இறங்கிய நிலையிலும், ஆழ்ந்த மயக்கத்திலும் தற்காலிகமாக வரலாம். மறுபுறம், குறி இல்லாததால் நரம்பு நன்றாக இருக்கிறது என்றும் ஆகாது. தண்டுவடத்தில் புதிதாக அடிபட்ட முதல் நாட்களில் பாதம் ஊமையாகவே இருக்கும். முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்க நரம்பு செயலிழந்தவருக்கும், பெருவிரல் மூட்டு இறுகிப்போனவருக்கும் விரல் எழவே வழியில்லை. அதனால் கோடு இழுக்கும் முன்பே, விரலைத் தானாக மேலே தூக்கச் சொல்லிப் பார்த்துவிடுங்கள்; இந்த ஒரு படியைத்தான் அவசரத்தில் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்.

இரண்டு காலையும் ஒரே அழுத்தத்தில், நல்ல காலில் தொடங்கிப் பாருங்கள். கேஸ் ஷீட்டில் “பாபின்ஸ்கி நெகட்டிவ்” என்று எழுதாமல், வலது இடது தனித்தனியாகக் கண்டதைக் குறியுங்கள்: மடங்கியது, நிமிர்ந்தது, அசைவில்லை, தெளிவில்லை. தெளிவில்லை என்றால் சில மணி நேரம் கழித்து, வேறொருவர் கையால் மறுபடியும் பார்த்து, அந்த நேரத்தையும் சேர்த்து எழுதுங்கள்.