உப்பு லோடு ஓடிய பழைய லாரிக்கு அடிப்பக்க வேலை

தூத்துக்குடி உப்பு ஏற்றிய வண்டி சங்ககிரிக்குத் திரும்பியதும் நான் முதலில் விடுவது வாட்டர் சர்வீஸுக்குத்தான். சேஸின் (வண்டியின் அடிச்சட்டம்) உட்பக்கம், கிராஸ் மெம்பர் (குறுக்குச் சட்டம்) மூலை, ஸ்பிரிங் பட்டை இடுக்கு, இங்கெல்லாம்தான் உப்பு பதுங்கும். நன்றாகக் காய்ந்தபின் சுத்தியலால் தட்டுங்கள். கணீரென்றால் இரும்பு இருக்கிறது. மொத்தென்று கேட்டு, செதில் செதிலாக உதிர்ந்தால் கம்பி பிரஷ்ஷால் இரும்பு பளிச்சென்று தெரியும்வரை சுரண்டி, துருவைத் தடுக்கும் ரெட் ஆக்சைடு பூச்சு அடித்து, மேலே கறுப்புப் பெயிண்ட். துருவின் மேலேயே பெயிண்ட் அடிப்பது கண்துடைப்பு. சேஸில் ஓட்டை விழுந்திருந்தால் நீங்களாக வெல்டிங் வைக்காதீர்கள், விவரம் தெரிந்த பட்டறைக்கு விடுங்கள்.

அப்புறம் பிரேக், அதாவது காற்றழுத்தத்தில் வேலை செய்யும் ஏர் பிரேக். சக்கரத்துக்குக் கட்டை போடாமல் அடியில் நுழையவே கூடாதுங்க. ஏர் நிரப்பி, இன்ஜினை அணைத்து, பைப் இணைப்புகளில் சோப்பு நுரை தடவுங்கள். குமிழி வந்தால் அங்கே லீக். துரு அரித்த பைப்பை ஒட்டுப்போடாமல் மாற்றிவிடுங்கள். பிரேக் லைனிங்கை (டிரம்மில் உரசும் பட்டை) அதைப் பிடித்திருக்கும் ரிவெட்டின் தலை வரை தேய விடக்கூடாது. மாற்றும்போது ஒரே ஆக்சிலில் இரண்டு பக்கமும் மாற்றுங்கள். இல்லையென்றால் தொப்பூர் இறக்கத்தில் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். பார்க்கிங் பிரேக் சேம்பரை (ஸ்பிரிங் உள்ள டப்பா) மட்டும் பிரிக்காதீர்கள். உள்ளே அமுங்கியிருக்கும் ஸ்பிரிங் தெறித்தால் ஆள் காலி. ஏர் டேங்கில் தேங்கும் தண்ணீரைத் தினமும் வடித்துவிடுங்கள், டேங்க் உள்ளிருந்தே துருப்பிடிப்பது அதனால்தான்.