ஊர் வரலாறு சேகரிக்கிறவர்கள் சறுக்கும் இடங்கள்

தமிழ்நாட்டில் இப்போது பல மாவட்டங்களில் ஒரு வரலாற்றுக் குழு இருக்கிறது. பள்ளி ஆசிரியர், ஓய்வுபெற்ற அலுவலர், இரண்டு மூன்று கல்லூரிப் பிள்ளைகள் என்று ஞாயிற்றுக்கிழமை வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். புதரில் கிடக்கும் நடுகல்லையும் (இறந்த வீரனுக்கு நட்ட கல்) ஏரி மதகுக் கல்வெட்டையும் முதலில் பார்ப்பது பெரும்பாலும் இவர்கள்தான். சில நேரம் அவற்றுக்குக் கேடு வருவதும் இவர்கள் ஆர்வத்தால்தான்.

எழுத்து தெரியவில்லை என்றதும் சாக்பீஸை எடுத்து எழுத்தின் மேல் கோடு இழுப்பது அதில் ஒன்று. தேய்ந்துபோன இடத்தில் நாம் ஊகித்த எழுத்தைத்தான் அப்போது வரைகிறோம். பிறகு அந்தப் படத்தைப் பார்க்கிறவருக்குக் கல்லில் இருப்பது தெரியாது, நம் ஊகம்தான் தெரியும். கம்பி பிரஷ், ஆசிட் பக்கமே போக வேண்டாம். மாலை வெயில் சாய்வாக விழும்போதோ, இருட்டியபின் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தோ பார்த்தால் பாதி எழுத்து தானாகவே எழுந்து நிற்கும். மைப்படி, அதாவது கல்வெட்டைத் தாளில் மையால் ஒற்றிய நகல், எடுப்பதானால் தெரிந்தவரிடம் பழகிக்கொண்டு செய்யுங்கள். நனைத்த தாளைக் கல்லில் ஒட்டி, பிரஷால் தட்டி எழுத்துக்குழிக்குள் இறக்கிய பிறகே மேலே மையை ஒற்ற வேண்டும். மை தாளோடு நிற்க வேண்டும், கல்லில் படக்கூடாது.

அடுத்தது, அவசரப்பட்டு ராஜா பெயர் வைப்பது. 'கோவிராஜகேசரி பன்மற்கு யாண்டு' (ராஜகேசரி என்ற அரசனுக்கு இத்தனையாவது ஆட்சியாண்டு) என்று கண்டதுமே 'ராஜராஜன் கல்வெட்டு' என்று பத்திரிகைக்குச் செய்தி போய்விடுகிறது. ராஜகேசரி, பரகேசரி என்பவை சோழர்கள் மாறி மாறிச் சூடிக்கொண்ட பட்டங்கள். முதலாம் ஆதித்தனும் ராஜகேசரிதான், கண்டராதித்தனும் சுந்தர சோழனும் அப்படித்தான். ஆதித்தன் பட்டமேறியதற்கும் 985இல் ராஜராஜன் பட்டமேறியதற்கும் நடுவே நூறு வருஷத்துக்கு மேல் இடைவெளி. ராஜகேசரியோடு 'சாலைக் கலமறுத்த' என்ற காந்தளூர்ச் சாலை வெற்றிப் பட்டமோ, 'திருமகள் போல' என்று தொடங்கும் மெய்க்கீர்த்தியோ (அரசன் புகழ் பாடும் முன்வரிகள்) இருந்தால் ராஜராஜன் என்று சொல்லலாம். 'மதிரை (மதுரை) கொண்ட கோப்பரகேசரி' என்றால் முதலாம் பராந்தகன். இப்படி ஒன்றும் இல்லையென்றால் எழுத்தமைதியை, அதாவது எழுத்துகளின் வடிவத்தைக் காட்டி, நூற்றாண்டை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்வது நல்லது. கல்லுக்கு அதனால் மதிப்பு குறையாது.

'முதன்முறையாகக் கண்டுபிடிப்பு' என்பதிலும் நிதானம் வேண்டும். 'தென்னிந்தியக் கல்வெட்டுகள்' என்ற அரசுத் தொகுப்பின் முதல் தொகுதி 1890இலேயே வந்துவிட்டது. புதுக்கோட்டை சமஸ்தானக் கல்வெட்டுகளின் மூல வாசகம் 1929இல் அச்சாயிற்று. தொல்லியல் துறையின் ஆண்டறிக்கைகளையும் இவற்றையும் புரட்டாமல் பேட்டி கொடுத்தால், மறுநாளே யாராவது பக்க எண்ணோடு வந்து நிற்பார்கள்.

படம் எடுக்கிறார்கள், ஆயிரக்கணக்கில் எடுக்கிறார்கள். எந்த ஊர், எந்தச் சுவர், எந்தத் தேதி என்பது மட்டும் இருக்காது. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தார் பல வருஷங்களாகக் கோயில் கோயிலாகப் போய்ப் படமெடுத்து, இடமும் தேதியும் குறித்து வைத்தார்கள். ஸ்ரீபுரந்தான் நடராசரும் விருத்தாசலம் அர்த்தநாரீசுவரரும் திருடுபோய் ஆஸ்திரேலியக் காட்சியகங்களில் போய் நின்றபோது, எங்கள் கோயில் சிலை என்று காட்ட அந்தப் பழைய படங்கள்தான் கைகொடுத்தன. இரண்டும் 2014இல் திரும்பி வந்தன. அதனால் ஒவ்வொரு படத்திலும் ஓர் அளவுகோல், கூடவே ஒரு குறிப்பு இருக்கட்டும். காவலில்லாத சிலையின் கூகுள் மேப் புள்ளியை மட்டும் ஊருக்கெல்லாம் பகிராதீர்கள், திருடனுக்கும் வழி தெரிந்துவிடும்.

மண்ணுக்குள்ளிருந்து காசோ சிலையோ கிடைத்தால் அது குழுவின் சொத்தல்ல. பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலை ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878ஆம் ஆண்டுச் சட்டம். வி.ஏ.ஓ.விடம் சொன்னாலே வேலை தொடங்கிவிடும். பழைய ஓலைகளையும் பத்திரங்களையும் லேமினேட் செய்து தருகிறேன் என்பவரிடம் கொடுத்துவிடாதீர்கள், ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிரித்தால் எழுத்தும் சேர்ந்து வந்துவிடும்.

நடுகல்லை 'பாதுகாக்க' என்று பெயர்த்து எடுத்துப்போவதும் வேண்டாம். தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் பல நடுகற்கள் வேடியப்பன் என்ற சாமியாக இன்றும் பொங்கல் வாங்கிக்கொண்டிருக்கின்றன. பூசாரியைக் கேட்காமல் மஞ்சளையும் எண்ணெயையும் கழுவினால் அடுத்த முறை ஊருக்குள்ளேயே விடமாட்டார்கள். கேட்டால், பூசைக்கு முந்தின நாள் அவரே கழுவிக் காட்டுவார், பக்கத்துக் காட்டில் இன்னொன்று இருக்கிறது என்று கூட்டிக்கொண்டும் போவார்.